பத்ருக்குப் போகாத பத்ர் ஸஹாபி



பெருநாள் காலையில் தொழுகைத் திடலைப் பார்த்தால் ஊர் முழுக்க அங்கேதான் நிற்பது போலத் தெரியும். ஆனால் எமது ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு வீட்டிலாவது யாரோ ஒருவர் வந்திருக்க மாட்டார். அந்த வீட்டில் பாரிசவாதம் வந்த வாப்பா இருப்பார், அல்லது பிள்ளைகளின் பெயரையே மறந்துபோன மூத்தம்மா இருப்பார், அல்லது கட்டிலை விட்டு எழும்ப முடியாத ஒரு பிள்ளை இருக்கும். பக்கத்தில் அவரைப் பார்த்துக்கொள்பவர் இருப்பார். வாங்கிய புது உடுப்பு அலுமாரிக்குள்ளேயே இருக்கும். தக்பீர் சத்தம் ஜன்னல் வழியாகத்தான் வரும்.

அப்படி வீட்டில் நின்றவர்களைப் பற்றி இஸ்லாமிய வரலாறு என்ன சொல்கிறது என்பதை இம்முறை எழுத நினைத்தேன்.

பத்ர் யுத்தம் எமது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமழான் 17, கி.பி. 624 மார்ச் மாதம். கலந்துகொண்டோர் 313 பேர் என்று எந்தப் பிள்ளையும் தூக்கத்திலும் சொல்லும். ஆனால் பத்ர் ஸஹாபாக்களின் பட்டியலில் பத்ர் களத்தை அன்று கண்ணாலும் காணாத ஒருவரின் பெயரும் இருக்கிறது. அவர் உஸ்மான் இப்னு அஃப்பான் (ரழி).

அவர் ஏன் போகவில்லை? அவரது மனைவி ருகையா (ரழி) கடும் நோயில் படுத்திருந்தார். ருகையா நபி (ஸல்) அவர்களின் மகள். மக்காவில் நெருக்கடி முற்றியபோது கணவரோடு கடல் கடந்து அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போனவர். நபியவர்கள் மதீனாவிலிருந்து புறப்படும்போது உஸ்மானை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள உஸாமா இப்னு ஸைத் (ரழி) என்ற சிறுவரும் நிறுத்தப்பட்டார். படைக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் அது. எதிரே வந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அப்படியான நேரத்திலும் ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) வெற்றிச் செய்தியோடு மதீனாவுக்குள் நுழைந்தபோது, உஸாமாவும் மற்றவர்களும் ருகையாவை அடக்கிவிட்டு கப்ரின் மேல் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெற்ற தகப்பனால் மகளின் ஜனாஸாவுக்கு வர முடியவில்லை. ஊரே மகிழ்ந்த அந்த நாளில் ஒரு வீட்டில் மையித்து.

ரமழான் நோன்பு கடமையாக்கப்பட்டதும் அதே ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில்தான். ஸதகத்துல் பித்ரும் நோன்புப் பெருநாள் தொழுகையும் அந்த ரமழானின் முடிவில்தான் ஆரம்பமாயின. அதாவது, முஸ்லிம்களின் முதலாவது நோன்புப் பெருநாள் வந்தபோது நபியின் மகள் மரணித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. துக்கமோ நோயோ இருக்கும் வீட்டுக்குப் பெருநாள் எப்படி வரும் என்ற கேள்வி, எமது முதலாவது பெருநாளோடு சேர்ந்தே பிறந்த கேள்வி.

இனி முக்கியமான இடம். பத்ருக்குப் போனவருக்குரிய கூலியும் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. இதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கூலி என்பது மறுமையில் அல்லாஹ் கொடுப்பது. பங்கு என்பது இந்த உலகத்தில் மனிதர்கள் கையில் எடுத்துக் கொடுப்பது, யுத்தத்தில் கிடைத்த கனீமத் பொருளிலிருந்து ஒரு பாகம். "உங்களுக்கு அல்லாஹ்விடம் கூலி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. களத்தில் நின்றவருக்கு என்ன கிடைத்ததோ அது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவரின் வீட்டுக்கும் வந்தது.

இருந்தும் மனிதர்களின் வாய் சும்மா இருக்கவில்லை. பல வருடங்கள் கழித்து எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர், அப்துல்லாஹ் இப்னு உமரிடம் (ரழி) உஸ்மானைப் பற்றிக் குறுக்கு விசாரணை போலக் கேட்டார். உஹதில் ஓடியவர்தானே? ஆம். பத்ருக்கு வராதவர்தானே? ஆம். ஹுதைபியா பைஅத்தில் இல்லாதவர்தானே? ஆம். வந்தவர் வென்றுவிட்ட மகிழ்ச்சியில் தக்பீர் சொன்னார். இப்னு உமர் அவரை நிறுத்தி ஒவ்வொன்றாக விளக்கினார். உஹதில் நடந்ததை அல்லாஹ்வே மன்னித்துவிட்டான். பத்ரின்போது நோயில் கிடந்த மனைவியைப் பார்ப்பதற்காக நின்றார். ஹுதைபியாவின்போது நபியவர்களின் தூதராக மக்காவுக்குப் போயிருந்தார், நபியவர்கள் தமது ஒரு கையையே உஸ்மானின் கையாக வைத்து பைஅத் செய்தார்கள். இந்தப் பதிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினார்.

ஒருவர் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் வரவில்லை என்பதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. "பெருநாளுக்குக்கூட வெளியே தலைகாட்டவில்லை", "ராத்தா வரவர ஒருத்தரோடும் சேருவதில்லை" என்று நாம் பேசுவதும் அந்த மனிதரின் விசாரணை மாதிரித்தான்.

அதே இப்னு உமரின் வாழ்க்கையில் இன்னொரு சம்பவம். ஸயீத் இப்னு ஸைத் (ரழி) மதீனாவுக்கு வெளியே அகீக் பள்ளத்தாக்கில் நோயாகக் கிடக்கிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. பகல் ஏறி ஜும்ஆ நேரம் நெருங்கிவிட்டது. இப்னு உமர் வாகனத்தில் ஏறி நோயாளியிடம் போனார். அன்று ஜும்ஆவை விட்டார். இதுவும் புகாரியில் இருக்கிறது. அந்த அறிவிப்பில் ஸயீதை பத்ர் ஸஹாபி என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் அவரும் பத்ர் களத்தில் நின்றவரல்ல! குறைஷிகளின் வணிகக் கூட்டம் பற்றித் தகவல் அறிய வேறு திசைக்கு அனுப்பப்பட்டதால் யுத்தத்தைத் தவறவிட்டவர். அவருக்கும் பங்கு கொடுக்கப்பட்டது.

பிற்கால பிக்ஹு அறிஞர்கள் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். எமது நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் முக்கிய நூல்களில் ஒன்று இமாம் நவவியின் 'மின்ஹாஜ்'. இமாமவர்கள் வபாத்தானது 1277இல். ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் போகாமலிருக்க அனுமதிக்கும் காரணங்களில், பராமரிக்க வேறு ஆளில்லாத நோயாளியோடு இருப்பதும் அதில் உண்டு. அதோடு நிற்கவில்லை. இவர் பக்கத்தில் இருந்தால் நோயாளியான உறவினரின் மனம் ஆறுதலடையும் என்றால் அதுவும் காரணமே. மருந்து கொடுக்க வேறு ஆள் இருக்கலாம். ஆனால் வாப்பாவின் கண் இந்த மகளைத்தான் தேடுகிறது என்றால், அந்தத் தேடலுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பெருநாள் தொழுகைக்கும் வழி இருக்கிறது. அனஸ் இப்னு மாலிக் (ரழி) முதுமையில் பஸராவுக்கு வெளியே ஸாவியா என்ற இடத்தில் வாழ்ந்தார். நகரத்துப் பெருநாள் தொழுகை கிடைக்காதபோது பிள்ளைகளையும் வீட்டாரையும் ஒன்றுசேர்த்து, நகரத்தார் தொழுவது போலவே வீட்டில் தொழுவித்தார். 2020இல் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாமும் அப்படித்தான் ஹோலில் பாய் விரித்துத் தொழுதோம். அந்த வருடம் எல்லோரும் கவலைப்பட்டோம். நோயாளி இருக்கும் வீட்டாருக்கோ ஒவ்வொரு வருடமும் அதே கதை.

இனி எமது ஊருக்கு வருகிறேன். கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்கு. உம்மா வாப்பாவின் கடைசிக் காலமும் பெரும்பாலும் அந்த மகளின் வீட்டில்தான். இது அழகான வழமை, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பெருநாளன்று ஆண்மக்கள் புதுச் சாரத்தோடு வந்து, உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டு, வட்டிலப்பம் சாப்பிட்டு, "தங்கச்சி, உனக்குத்தான் சுவர்க்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பம்பர்ஸ் மாற்றுவதும், குளிப்பாட்டுவதும், ராத்திரியில் மூன்று தரம் எழும்புவதும் அவளோடு. கூலியை அவளுக்கு விட்டுவிட்டோம். பங்கை என்ன செய்தோம்?

மதீனாவில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர் யார் என்பதை ஆண்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரிலேயே பெரிய வியாபாரிகளில் ஒருவர், பின்னாளில் மூன்றாவது கலீபா. நோயாளியைப் பார்ப்பது பெண்களின் வேலை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெருநாள் திடலுக்குப் பெண்கள் எல்லோரையும் வரச் சொன்னபோது, போர்த்துக்கொள்ள ஜில்பாப் இல்லாதவள் என்ன செய்வாள் என்று ஒரு பெண் கேட்டார். அவளது சகோதரி தன்னுடையதைக் கொடுத்து உதவட்டும் என்பதே நபியவர்களின் பதில். உம்மு அதிய்யா (ரழி) அறிவிக்கும் செய்தி இது. அன்று குறைந்தது துணி. இன்று எமது பெண்களிடம் அபாயா தாராளமாக இருக்கிறது, குறைவது நேரம். அதை ஒரு சகோதரி இன்னொரு சகோதரிக்குக் கொடுக்கலாமே.

இது தனிமனிதரின் நல்ல மனதோடு நிற்கவும் தேவையில்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டி முடித்த மருத்துவமனையின் வக்பில், வீட்டில் இருக்கும் ஏழை நோயாளிகளுக்கும் மருந்தும் உணவும் கொடுக்க ஏற்பாடு இருந்தது. எமது பள்ளிவாசல்களும் ஸதகத்துல் பித்ருக்குப் பட்டியல் போடுகின்றன, குர்பான் இறைச்சிக்குப் பட்டியல் போடுகின்றன. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கும் ஒரு பட்டியல் போடலாம்.

இந்தப் பெருநாளுக்கு நாம் கொடுக்கக்கூடிய பங்கு என்ன? எனக்குத் தோன்றியவை:

பெருநாள் காலையில் ஆண்மக்கள் முறை வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருங்கள். அந்த மகள் ஆறுதலாகக் குளித்து, புது உடுப்பு உடுத்து, திடலுக்குப் போய் வரட்டும்.

போக முடியாத வீட்டில் அனஸ் (ரழி) செய்தது போல ஜமாஅத் வையுங்கள். நோயாளியின் கட்டில் இருக்கும் அறைக்குள்ளேயே தக்பீர் சொல்லுங்கள். நினைவு தவறியவர்களுக்கும் சில நேரம் தக்பீர் நாவில் வரும்.

சலாம் சொல்லப் போகிறவர்கள் பதினைந்து பேராக ஒரேயடியாக நுழையாதீர்கள். மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். "முதுகில் புண் வந்திருக்கே, கவனிக்கவில்லையா?" என்ற கேள்வி, இரவு பகல் பார்ப்பவரின் நெஞ்சைக் கிழிக்கும். சீனி வருத்தம் உள்ளவருக்கு வட்டிலப்பம் கொண்டுபோவதை விட, பகல் சாப்பாட்டைச் சமைத்து அனுப்புங்கள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் இருப்பதே பெரிய பெருநாள்.

பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்கும்போது, பராமரிப்பவரின் கையிலும் ஏதாவது வையுங்கள். அவர் கேட்க மாட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, வீடியோ கோலில் உம்மாவிடம் பேசி முடிந்ததும் போனை வைக்காதீர்கள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கையோடும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

நோயாளியோடு வீட்டில் நிற்கும் சகோதர சகோதரிகளே, இந்தப் பெருநாளை நீங்கள் தவறவிடவில்லை. உஸ்மானையும் ஸயீதையும் பத்ர் ஸஹாபாக்களோடு எண்ணிய மார்க்கம் எமது மார்க்கம். உங்களையும் எங்களோடு எண்ணிக்கொள்ளும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

நோயில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக. அவர்களைப் பார்ப்பவர்களின் உடலுக்கும் மனதுக்கும் வலுவைத் தருவானாக. ஆமீன்.

தகப்பல்லாஹு மின்னா வமின்கும். ஈத் முபாரக்!