பெயர் சொல்லி ஒரு வணக்கம்

எங்க திருவண்ணாமலையில துறைமுகமும் இல்ல, ஏர்போர்ட்டும் இல்ல. ஆனாலும் அங்கே காவல் நின்னு உயிர்விட்டவங்களுக்கும் சேர்த்துத்தான் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள்.

1959ல் அதே தேதியில், லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் சுட்டு 10 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அதிலிருந்து வந்த வழக்கம் இது. அந்த வருஷம் பணியில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்.

1969ல் உருவான மத்திய தொழில் பாதுகாப்புப் படை பெரிய துறைமுகங்களைக் காக்குது. 1999 காந்தகார் கடத்தலுக்கு அப்புறம், 2000ல் ஜெய்ப்பூரில் ஆரம்பிச்சு விமான நிலையங்களும் அவங்க கைக்கு வந்தது.

மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்ட் 2 அன்று பெட்டியில் இருந்த குண்டு வெடிச்சு 30 பேருக்கு மேல் செத்தாங்க. பெட்டியைத் தடவிப் பார்க்கிறவர் எதுக்குப் பக்கத்துல நிக்கிறார்னு அது சொல்லும்.

செக்கிங் வரிசையில சலிச்சுக்கிறோமே மக்களே, வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெயர்களையும் காது கொடுத்துக் கேட்போம்.