வியாபாரச் சின்னங்களில் புராணமும் கதையும்: நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

விற்பனைக்கு வரும் ஒரு சரக்கை, அதன் குணத்தையும் விலையையும் சொல்வதோடு நில்லாமல், வாங்குவோர் நெஞ்சில் முன்னமே குடிகொண்டிருக்கும் தெய்வம், காவியம், வீரகதை, ஊர்ப்பழங்கதை ஆகியவற்றின் துணைகொண்டு அறிமுகம் செய்யும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. கிரேக்கரின் வெற்றித் தேவதை காலணிக்குப் பெயர் தந்திருப்பதும், கடற்கன்னி ஒருத்தி காப்பிக்கடைக்கு அடையாளமாயிருப்பதும் இக்காலத்தார் யாவரும் அறிந்தவை. சரக்கு வேறு, சரக்கைப் பற்றி மனத்தில் எழும் பிம்பம் வேறு என்பதைக் கார்ட்னர், லெவி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1955-ல் விளக்கி எழுதினர். விளம்பரமும் ஒருவகைப் புராணமே என்ற கருத்தை அதற்கு இரண்டாண்டு கழித்துப் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர்கள் எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், எழுத்தறியாத தமிழ்த் தொழிலாளரிடையே இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. விற்றவர் கதையில் பாதியே சொன்னார், மீதியை வாங்கியவர் தம் புராண அறிவைக் கொண்டு முடித்துக்கொண்டார் என்பது இத்தோட்டங்களின் விசேஷம்.

தோற்றம்

இன்று சிரம்பான், போர்ட்டிக்சன் என வழங்கும் பகுதிகள் அடங்கிய பழைய சுங்கை ஊஜோங் நாட்டில், முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிரிடப்பட்டன. சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த இரயில் பாதை 1891-ல் திறக்கப்பட்டதும், உள்நாட்டிலிருந்து விளைபொருள் கடற்கரைக்குச் செல்லவும், கடற்கரையிலிருந்து அரிசியும் துணியும் மருந்தும் தகரப் பாலும் உள்நாட்டுக்கு வரவும் வழி எளிதாயிற்று. சுவா பெத்தோங், லின்சம், கெர்பி, கெட்டிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களின் பெயர்கள் அங்கங்கே எழுந்த தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களில் இன்றளவும் நிலைத்துள்ளன.

ஆயினும் இத்தோட்டத் தமிழருக்குக் கதையால் விற்கப்பட்ட முதற் சரக்கு துணியோ தைலமோ அன்று. மலாயா என்னும் நாடேதான். அதனை விற்றவன், தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணி. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலுள்ள தன் சொந்தக் கிராமத்துக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதிச் சீட்டுடன் திரும்பி, நல்ல உடையும் கையில் காசுமாய் உறவினர் திண்ணைகளில் அமர்ந்து, கடலுக்கு அப்பாலுள்ள பால்மரக் காட்டின் செழிப்பையும் அங்கே தான் அடைந்த உயர்வையும் அவன் விரித்துரைத்தபோது, கதை சொல்பவனே கதையின் நாயகனாகவும், அவன் மேனியே அக்கதைக்குச் சாட்சியாகவும் நின்றமையால், கேட்டவர்க்கு வேறு பிரமாணம் வேண்டியிருக்கவில்லை. 1907-ல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றுக்கொண்டதும் அக்கதையின் வலிமை பன்மடங்காயிற்று. 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்ததோடு அது ஓய்ந்தது. இதனைச் சுத்த வஞ்சகம் என்று தள்ளிவிடுவாரும் உளர். பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள் அக்கதையை நம்பினார்கள் என்பதினும் நம்ப விரும்பினார்கள் என்பதே பொருந்தும்.

வகைகள்

தோட்டங்களுக்கு வந்துசேர்ந்த சின்னங்களை மூன்று வகையாகப் பிரித்தல் தகும்.

முதல்வகை, தெய்வத்தையே சின்னமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பிய துணிகளின்மேல் வண்ணச் சீட்டுகளை ஒட்டினர். இராமன், கிருஷ்ணன், இலக்குமி முதலிய உருவங்கள் அச்சீட்டுகளில் இடம்பெற்றன. இங்கிலாந்தில் 1875-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி வியாபாரச் சின்னங்களைப் பதிவுசெய்யும் முறை தோன்றியபின், தெய்வ உருவங்களும் ஆலைக்காரரின் உடைமைப் பட்டியலில் ஏறலாயின. இரவிவர்மா 1894-ல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம், பின்னர் பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்னும் ஜெர்மானியர் கைக்கு மாறி, தெய்வப்படங்களோடு வியாபாரச் சீட்டுகளையும் அச்சிட்டுத் தள்ளியது. தமிழ்நாட்டில் இப்பணியை ஏற்றது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று வந்த பிறகு, தீப்பெட்டிக்கு வேண்டிய சீட்டுகளுக்காக எழுந்த அச்சுத்தொழில் காலண்டருக்கும் பரந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும், கீழே கடைக்காரர் பெயரும் தேதிக் கட்டமும் தாங்கி, கடல் கடந்தும் சென்றன. கொண்டைய ராஜு நாடகத் திரை எழுதிப் பழகியவர். அவர் தீட்டிய தெய்வங்கள் எப்பொழுதும் பார்ப்பவரை நேரே நோக்கி நிற்பதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணமாகலாம். பூசைக்கு உகந்த படம் என்பது அத்தகையதே.

இதே வகையில் சேர்க்கத்தக்கது, மைசூர் சமஸ்தானம் 1916-ல் தொடங்கிய சந்தனச் சோப்பின் சரபச் சின்னம். சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட அவ்விலங்கு, வலிமையையும் விவேகத்தையும் ஒருங்கே குறிப்பதாகச் சொல்லப்படுகிறது. நரசிங்கத்தை அடக்கச் சிவபெருமான் எடுத்த வடிவம் என்று சைவ புராணங்கள் கூறும் சரபத்துக்கும் சோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் கேட்டதில்லை; கேளாதிருப்பதே இச்சின்னங்களின் வெற்றி.

இரண்டாம் வகை, அயல்நாட்டுக் கதையோடு வந்து, இங்கே வேறு கதையைப் பெற்றது. இதற்குச் சிறந்த உதாரணம் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். நாட்டிங்ஹாம் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் உட்வர்ட் 1851-ல் உருவாக்கிய இம்மருந்துக்கு, குழந்தை ஹெர்குலிஸ் இரு பாம்புகளை நெரிக்கும் ஓவியம் சின்னமாயிற்று. அது ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய படத்தைத் தழுவியது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வயிற்றுவலியால் அழும் பிள்ளைக்கு இம்மருந்தைப் புகட்டிய தாய்க்கு ஹெர்குலிஸ் யாரோ எவரோ. பாம்பைப் பற்றிய பாலகன் அவளுக்குக் காளிங்கனை அடக்கிய கண்ணனாக அன்றி வேறு யாராகத் தோன்றியிருக்க முடியும்? வியாபாரிகளும் இதனை விரைவில் உணர்ந்து, இந்தியாவில் பாலகிருஷ்ணன் படம் பொறித்த காலண்டர்களையே இம்மருந்துக்காக வழங்கினர்.

அயர்லாந்து நாட்டுக் கின்னஸ் கறுப்பு பீரும் இவ்வகையினதே. லிவர்ப்பூலில் அதனைப் புட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்த பிளட் வுல்ஃப் கம்பெனியார், தம் பெயருக்கேற்ப ஓநாய்த் தலையைச் சீட்டில் பொறித்தனர். மலாயாச் சீனரிடையே அந்த ஓநாய் கறுப்பு நாயாகிவிட்டது.

மூன்றாம் வகை, சரக்கை ஆக்கியவர் தம்மையே கதாநாயகராக்கிக்கொண்டது. புலிச் சின்னத் தைலத்தைப் போல் இதற்கு எடுத்துக்காட்டு ஆசியாவிலேயே அரிது. இரங்கூனில் இங் ஆன் தோங் என்னும் மருந்துக்கடை நடத்திய ஆவ் சூ கின்னின் மக்களான பூன் ஹாவும் பூன் பாரும், தந்தையின் மருந்தைச் செப்பனிட்டு, மூத்தவர் பெயரிலுள்ள புலியை அதற்குச் சூட்டி, 1926-ல் தம் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினர். பூன் ஹாவ் தம் மோட்டார் வண்டியின் முகப்பிலும் புலித்தலையைப் பொருத்தி ஊர் சுற்றியவர். 1929-ல் சீனப் பத்திரிகை ஒன்றும் தொடங்கினார். 1937-ல் சிங்கப்பூரில் அவர் எழுப்பிய ஹாவ் பார் மாளிகையின் தோட்டத்தில், சீனப் புராணக் கதைகளும், பாவிகள் தண்டனை அனுபவிக்கும் பத்து நரக மன்றங்களும் சுதைச் சிற்பங்களாக நிறுத்தப்பட்டன. பெருமளவு செலவில் எழுந்த இவ்விளம்பரத்தில் தைலத்தைப் பற்றிய பேச்சே குறைவு. அந்நரக மன்றங்களுக்குத் தலைவன் பௌத்தத்தின் வழியே சீனம் சென்ற நம் யமதருமனே ஆதலால், கருட புராணம் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு அச்சிற்பங்களை விளக்க ஒருவர் வேண்டியதில்லை. 1928-ல் சிங்கப்பூரில் தோன்றிய கோடாலிச் சின்னத் தைலத்துக்குப் புராணம் எதுவும் இல்லை. ஆயினும் ஊருக்குத் திரும்பிய மலாயாக்காரரின் பெட்டியிலிருந்து வெளிவந்த பொருள் என்னும் பெருமையே அதற்குக் கதையாகி, தமிழ்நாட்டில் கோடாலித் தைலம் என்ற பெயர் வீட்டுச் சொல்லாயிற்று.

தோட்டத்து வாழ்வில்

தோட்டத்துக் கடையில் பெயர் சொல்லிப் பொருள் கேட்பவர் குறைவு. படம் சொல்லிக் கேட்பதே வழக்கம். மலாய் மொழியைப் பின்பற்றிச் சின்னத்தைச் ‘சாப்’ என்றனர். சம்பள நாள் வரை கணக்கில் பொருள் கொடுத்த கடைக்காரர் ஆண்டுக்கொருமுறை தரும் காலண்டர், அவ்வாண்டு முடிந்ததும் தேதிக் கட்டம் நீக்கப்பட்டு, கண்ணாடி போட்டு, லயத்து வீட்டின் சாமி மூலையில் மாட்டப்பட்டது. கம்பெனி விளம்பரமாக அனுப்பியதைத் தொழிலாளி விக்கிரகமாக ஏற்றான். ஒருநாளும் கழற்றி எறியப்படாத விளம்பரம் கிடைத்ததில் வணிகர்க்கு லாபமே எனினும், அப்படத்துக்குக் கற்பூரம் காட்டியவன் அதிலுள்ள கடைப்பெயரைக் கண்டானா என்பது வேறு விஷயம்.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. தோட்டத்து எல்லையில் மரத்தடியில் வீற்றிருக்கும் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் கள்ளும் சுருட்டும் படைப்பது ஊரிலிருந்து வந்த வழக்கம். மலாயாவில் அப்படையலில் கறுப்பு பீர்ப் புட்டியும் சேர்ந்தது. சின்னங்கள் தெய்வங்களை நாடியதுபோலவே தெய்வங்களும் சின்னங்களை ஏற்றுக்கொண்டன என்க.

இவ்விளம்பரங்கள் யாவும் தீங்கற்றவை எனக் கொள்ளுதல் கூடாது. ஆங்கிலோ சுவிஸ் பாற் கம்பெனி 1912-ல் பினாங்கில் வியாபாரம் தொடங்கியது முதல், இனிப்பூட்டிய தகரப் பால் மலாயாவெங்கும் பரவிற்று. தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சிசுக்களுக்கு இதனைக் கொடுத்ததால் நேர்ந்த மரணங்களைக் கண்டு மனம் வெதும்பிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, இதனைக் கொலை என்றே கடிந்துரைத்தார்.

சட்டம்

தெய்வத்தையும் காவியத்தையும் ஒருவர் தம் சின்னமாக உரிமை கொள்ளலாமா என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. ஊதுவத்திக்கு ‘இராமாயணம்’ என்னும் பெயரைத் தனியுரிமையாகக் கோரிய வழக்கில், சமய நூலின் பெயரை ஒருவர் தமக்கே உரியதெனக் கொள்ளல் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. மலேசியாவில் வியாபாரச் சின்னங்களை ஆளுவது 2019-ஆம் ஆண்டுச் சட்டம்.

இன்றைய நிலை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செனாவாங் பகுதிகளில் தோட்ட நிலம் பலவும் தொழிற்பேட்டையும் குடியிருப்புமாயின. தமிழர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட, விளம்பரங்கள் இப்போது கைப்பேசி வழியே வருகின்றன.