மெலிந்த முயலும் கொழுத்த எலியும்

கொழுப்புன்னா நம்ம மனசுல ஒரு குடோன். மிச்சம் இருந்தா அடுக்கு, பஞ்சம் வந்தா எடு. அந்தக் குடோனுக்குள் போலீஸ் புகுந்த கதைதான் இந்தப் பதிவு. போலீஸ்னா மேக்ரோஃபேஜ், கிருமியை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்.

1974-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் க்ரீன், எலிக் கருவிலிருந்து வந்த சில செல்கள் கண்ணாடித் தட்டிலேயே கொழுப்புச் செல்லாக மாறுவதைக் காட்டினார். ஒரு கொழுப்புச் செல் உருவாவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வழி கிடைத்தது.

அடுத்த காட்சி, நியூயார்க் ராக்ஃபெல்லர். ஆப்பிரிக்கக் கால்நடைகளை உருக்கும் டிரிப்பனோசோம் கிருமியை ஆந்தனி செராமி முயல்களில் ஆராய்ந்தார். 1980-ல் வந்த ஆய்வில் ஒரு புதிர். முயல் எலும்பும் தோலுமா ஆகுது, ஆனா ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கும் மிதக்குது! கொழுப்பு இருக்கு, ஆனா சேமிக்க முடியலை. தேடிப் போனால் குற்றவாளி கிருமி இல்லை, மேக்ரோஃபேஜ் சுரக்கும் ஒரு புரதம். 'கேக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள்.

1985-ல் ரெண்டு அதிரடி. ஒன்று, இந்தப் புரதம் இளம் செல் கொழுப்புச் செல்லாக வளர்வதையே தடுக்குது; வளர்ந்த செல்லிலிருந்தும் கொழுப்பைக் கரைக்குது. ரெண்டு, இதுவும் 1975-ல் புற்றுநோய் ஆய்வாளர்கள் பெயர் சூட்டிய டி.என்.எஃப்.-ம் ஒரே ஆசாமிதான்!

இங்கேதான் ட்விஸ்ட். 1993-ல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழு பார்த்தது: குண்டு எலிகளின் கொழுப்பிலும் அதே டி.என்.எஃப்.! அதை முடக்கினால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2003-ல் ரெண்டு குழுக்கள், உடல் பருக்கப் பருக்கக் கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் குவிவதைக் காட்டின.

உடனே மருந்து ரெடின்னு நினைச்சுடாதீங்க. 1990-களில் நீரிழிவுக்காரர்களுக்கு டி.என்.எஃப்.-ஐ முடக்கும் எதிர்ப்புரதம் கொடுத்துப் பார்த்தார்கள், இன்சுலின் விஷயத்தில் பலன் இல்லை. எலி வேற, மனுஷன் வேற.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. புற்றுநோயிலோ காசநோயிலோ உருகுகிறவரைப் பார்த்து "ஒழுங்கா சாப்பிட்டா தேறிடுவே"ன்னு அதட்டுறோம். பாவம், தட்டில் எவ்வளவு வைத்தாலும் உள்ளே குடோன் கதவைப் போலீஸே பூட்டி வைத்திருக்கலாம். அடுத்த தடவை அதட்டுமுன் அந்த முயலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க மக்களே.