குண்டுக்கு அஞ்சாத கூரை



பழைய கோவில் உள்ள பங்குகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "கோவில் ஒழுகுகிறது, உள்ளே இருட்டாக இருக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?" மக்களின் ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடப்பாரையை எடுக்கும் முன், ஒரு பழைய கோவிலின் வரலாற்றைக் கொஞ்சம் கேட்போம்.

நம் சூரமங்கலத்தில், சேலம் சந்திப்பில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், தலைமைச் செயலகம் இருக்கும் அதே புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தூய மரியா ஆலயம் நிற்கிறது. அது நம் கத்தோலிக்கக் கோவில் அல்ல. ஆங்கிலேயர் கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயம்; இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆனாலும் பெயர் நம் அன்னையின் பெயர். 1678 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில் பணி தொடங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் முன்நின்றார். கம்பெனியின் கஜானாவிலிருந்து அல்ல, கோட்டையில் வாழ்ந்தவர்கள் கொடுத்த வராகன்களால் அது எழுந்தது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

கட்டியவர்களின் மனத்தில் இருந்தது தங்கள் நாட்டுக் கிராமக் கோவில்தான். கிழக்கே பீடம், மேற்கே மணிக்கூண்டு, திருமுழுக்குத் தொட்டி. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக நிற்கும் பங்குக் கோவில்களின் அமைப்பு அது. ஆனால் அங்கே கூரையை மர உத்திரங்கள் தாங்கும். இங்கோ கடலிலிருந்து எந்த நாளும் பீரங்கிக் குண்டு வரலாம், மரம் தீப்பிடிக்கும். ஆகவே கூரையை மரமே இல்லாமல் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டினார்கள். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற மூன்று வளைகூரைகள் பக்கத்தில் பக்கமாக நிற்கின்றன. கூரையின் கனம் சுமார் 2 அடி, வெளிச்சுவரின் கனம் சுமார் 4 அடி. வடிவமைத்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கி வீரர் எட்வர்ட் ஃபௌல் என்று சொல்லப்படுகிறது. குண்டு எப்படி உடைக்கும் என்று அறிந்தவருக்குத்தானே, எப்படித் தாங்குவது என்றும் தெரியும்!

வளைகூரைக்கு ஓர் இயல்பு உண்டு. அது கீழே அழுத்துவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் தள்ளும். நடுக்கூரையின் தள்ளலைப் பக்கக் கூரைகள் ஏற்றுக்கொள்கின்றன. அவற்றின் தள்ளலைக் கனத்த வெளிச்சுவர்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டுக் குண்டுமாரி பொழிந்தபோதும் அந்தக் கூரை நின்றது. பங்கு வாழ்வும் இப்படித்தான். ஒரு வீட்டின் பாரத்தை அடுத்த வீடு தாங்கவில்லையென்றால் அன்பியம் என்ற பெயர் எதற்கு?

அதே கோட்டைக்குள் இருந்த இன்னொரு கோவிலையும் நாம் மறக்கலாகாது. 1642இல் சென்னைக்கு வந்த கப்புச்சின் துறவி எஃப்ரேம் அடிகளார் தொடங்கிய பணியில் எழுந்தது தூய அந்திரேயா ஆலயம். அது நம்முடைய கத்தோலிக்கக் கோவில். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கத்தோலிக்கர் எதிரிக்குத் துணைபோனார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. அந்தக் கோவில் இடிக்கப்பட்டது. குண்டு செய்யாததைச் சந்தேகம் செய்தது. இன்று அங்கே அதன் சுவர் ஒன்றுகூட இல்லை.

ஆனால் மக்கள் அழியவில்லை. சென்னை ஆர்மேனியன் தெருவில், அந்தோணியார் கோவில் என்று நாம் சொல்லும் தூய மரியன்னை இணைப் பேராலயத்தில், செவ்வாய்தோறும் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். அதே கப்புச்சின் துறவியரின் பணியின் தொடர்ச்சிதான் அது. கோட்டைக் கோவிலை இன்று தொல்லியல் துறை காக்கிறது. ஆனால் அதைக் கோவிலாக வைத்திருப்பது, அங்கே இன்றும் நடக்கும் ஞாயிறு வழிபாடுதான். கல் மட்டும் இருந்தால் அது காட்சிக்கூடம். மக்கள் இருந்தால், கல் போனாலும் திருச்சபை இருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைத்திருப்பது பெரும் பேறு. அந்தப் பேறு பெற்ற பங்குகள் அதை எளிதில் கைவிடலாமா?

ஆகவே இடிப்பது கடைசி முடிவாக இருக்கட்டும். முதலில் சுண்ணாம்புக் கட்டடம் அறிந்த பொறியாளரை அழைத்துக் காட்டுவோம். சுவரிடுக்கில் முளைத்த அரசஞ்செடியைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுவோம். மழைக்கு முன் தண்ணீர் போகும் வழியைச் சுத்தம் செய்வோம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும், அதைத் தவிர்ப்போம். கோட்டைக் கோவில் 1680 முதலே தன் பதிவேடுகளைப் பேணி வந்தது. அதுபோல நம் பாட்டன் பூட்டன் பெயர் எழுதிய திருமுழுக்குப் பதிவேட்டையும் கரையானுக்குக் கொடுக்காமல் காப்போம்.

நமக்கு முன் செபித்தவர்கள் முழங்காலிட்ட இடத்தில் நாமும் முழங்காலிட, நம் பிள்ளைகளும் முழங்காலிட, இறைவன் அருள்வாராக. ஆமென்.