கூடாரமும் கெட்டுவள்ளமும்: நகரும் வீட்டின் இரவு

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய கிடங்குகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு வாசல் தெருவை நோக்கும். மறு வாசல் காயலை நோக்கும். மிளகும் சுக்கும் கொப்பரையும் அரிசியும் நீர்வாசல் வழியாக ஏறி இறங்கிய காலத்தில், அவற்றைச் சுமந்து வந்த கெட்டுவள்ளங்கள் சரக்கு கைமாறும் வரை கிடங்கின் படித்துறையிலேயே கட்டிக் கிடந்தன. அந்த நாள்களில் வள்ளக்காரர்கள் ஊருக்குள் தங்க இடம் தேடியதில்லை. வள்ளத்திலேயே அடுப்பு மூட்டினர், வள்ளத்திலேயே படுத்தனர். ஆலப்புழையிலிருந்தும் குட்டநாட்டிலிருந்தும் வந்த அவர்களுக்கு வண்டியும் வீடும் ஒன்றாகவே இருந்தன.

கூடாரம் அடித்துத் தங்குவது சிறந்ததா, படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டியில் தங்குவது சிறந்ததா என்ற இன்றைய சுற்றுலாச் சர்ச்சையை இந்தப் படித்துறையில் நின்று பார்த்தால் அது வேறொன்றாகத் தெரியும். கூடாரம் எளிமை, வண்டி சொகுசு என்று இரு தரப்பும் எளிதில் ஒத்துக்கொள்கின்றன. இந்தியாவின் பயண வரலாறு அதை ஒத்துக்கொள்வதில்லை.

கூடாரம் இங்கே எளிமையின் அடையாளமாக ஒருபோதும் இருந்ததில்லை. முல்லைப்பாட்டு காட்டும் பாசறையை நினைவுகூர்க. காட்டை அழித்து, முள்வேலியிட்டு, தழை வேய்ந்த குடில்களால் தெருக்களே அமைந்த தற்காலிக நகரம் அது. அதன் நடுவே வலிய கயிறுகளால் இழுத்துக் கட்டிய அரசனின் திரைவீடு. அதற்கு யவனர் காவல். உள்ளே விளக்கேற்றத் தனியே பணிப்பெண்கள். பாடிவீடு என்ற சொல்லே படையையும் ஆட்சியையும் சுமந்து நிற்பது. எளிய குடும்பங்களின் நகரும் வீடு கூண்டு வண்டிதான். அழகர்கோயிலுக்கும் குலதெய்வக் கோயில்களுக்கும் வண்டி கட்டிச் சென்ற குடியானவர்கள் வண்டிக்கு அடியிலும் கூண்டுக்கு உள்ளேயுமாக இரவைக் கழித்தனர். துணி வீடு அரசனுக்கும் சக்கர வீடு உழவனுக்கும் என்றிருந்த ஒரு சமூகத்தில், இன்றைய ஒப்பீடு தலைகீழாக நிற்கிறது.

இதை ஒரே பயணத்தில் காட்டும் சான்று 1837-இல் கிடைக்கிறது. தலைமை ஆளுநர் ஆக்லண்ட் பிரபு தம் சகோதரியர் இருவருடன் அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். நீராவிக் கப்பல் இழுத்துச் சென்ற தட்டைப் படகில் காசி வரை பயணம், அங்கிருந்து கூடாரங்களில். சகோதரி எமிலி ஈடன் எழுதிய கடிதங்கள் பின்னர் 1866-இல் நூலாயின. படகில் ஓரளவு நிறைவாக இருந்தவர் கூடார வாழ்வைப் பற்றிச் சலிப்பின்றிப் புலம்புகிறார். ஆனால் அந்த அசௌகரியத்தைத் தாங்கி நிறுத்த ஏறத்தாழ 12,000 பேர் உடன் நடந்தார்கள் என்பதையும் அவரே பதிவு செய்கிறார். யானைகளும் நூற்றுக்கணக்கான ஒட்டகங்களும் தனி. அந்தக் குளிர்காலத்தில் அந்த ஊர்வலம் கான்பூரை ஒட்டிய பஞ்ச நிலத்தின் ஊடாகச் சென்றது. பட்டினியால் சுருங்கிய குழந்தைகள் பாடியின் விளிம்பில் வந்து நின்றதை எமிலி கண்டு எழுதினார். ஊர்வலம் நகர்ந்தது.

சிறிய அளவில் இதே முறைதான் மாவட்ட நிர்வாகத்திலும் நடந்தது. சுற்றுப்பயணத்தில் இருந்த ஆங்கில அதிகாரிக்கு இரண்டு கூடாரத் தொகுதிகள் இருப்பது வழக்கம். ஒன்றில் அவர் உறங்கும்போது மற்றொன்று இரவோடு இரவாக அடுத்த ஊருக்குப் போய்விடும். காலையில் அவர் குதிரையில் சென்று இறங்கும்போது அங்கே மேசை விரித்திருக்கும். வண்டி மாடும் வைக்கோலும் விறகும் பாலும் கோழியும் அந்தந்த ஊர் தர வேண்டியவை. கூலியின்றியோ அரைக்கூலிக்கோ இழுத்துச் செல்லப்பட்ட உழைப்பின் மீதுதான் அந்தக் கித்தான் சுவர்கள் நின்றன.

கொச்சியில் இந்த முறை ஊன்ற முடியாமல் போனதற்குக் காரணம் அரசியல் அல்ல, ஈரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. காயலுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலம். தெற்கே கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்கள். முளை அறைந்தால் நிற்கும் காய்ந்த தரை இங்கே அரிது. இருக்கும் மேடெல்லாம் யாருடைய புரயிடமாகவோ இருக்கும். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் ஆகிய இரு படை அதிகாரிகளின் பணி கிழக்கே மலைக்காடுகள் வரை சென்றது. கூடாரம் அங்கே தவிர்க்க முடியாதது. கீழே சமவெளியில் அதற்குத் தேவை குறைவு. நீரே சாலையாக இருந்தது. வர்க்கலைக் குன்றைக் குடைந்த நீர்ச்சுரங்கங்களின் பணி 1880-இல் முடிந்தபின், திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கும் அதற்கு வடக்கேயும் தரையில் கால் வைக்காமலே செல்ல முடிந்தது. அதிகாரிகளும் மிஷனரிகளும் கூரையிட்ட அறைகொண்ட வள்ளங்களில் படுத்தபடி பயணம் செய்தனர். துடுப்பு வலித்தவர்கள் உறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்ன் பதூதா இந்த நீர்வழியில் சென்றிருக்கிறார். 1340-களில் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்திற்குப் பத்து நாள் பயணம். வழியில் அவர் குறிப்பிடும் யூதர்களின் ஊரைக் கொச்சிக்கு வடக்கேயுள்ள சேந்தமங்கலம் என்று அடையாளம் காண்போர் உண்டு. அவர் தரும் ஒரு சிறு தகவல் இங்கே முக்கியமானது: இவ்வழியில் செல்வோர் மாலையானால் கரையிறங்கி, கரையோர ஊரில் இரவைக் கழித்து, காலையில் படகுக்குத் திரும்புவர். பயணிக்கு அன்று வள்ளம் பகல் வாகனம் மட்டுமே. அதை இரவின் வீடாகவும் கொண்டவர்கள் அதை ஓட்டியவர்கள்.

கெட்டுவள்ளத்தின் அமைப்பே இதைச் சொல்லும். மலையாளத்தில் ‘கெட்டு’ என்பது தமிழின் ‘கட்டு’தான். வள்ளம் என்ற சொல் குமரிக் கடற்கரையில் இன்றும் வழங்குகிறது. கட்டுமரத்தைப் போலவே இதுவும் கட்டப்பட்டது, ஆணி அடிக்கப்பட்டதன்று. ஆஞ்சிலிப் பலகைகளைத் துளையிட்டு, இணைப்பில் தேங்காய் நாரைத் திணித்து, கயிற்றால் தைப்பார்கள். முந்திரிக் கொட்டையின் தோலிலிருந்து காய்ச்சியெடுத்த கரிய நெய் மேலே பூசப்படும். பெரிய வள்ளம் 60 அடிக்கும் மேல் நீண்டு 30 டன் வரை சுமக்கும். ஆழம் குறைந்த நீரில் நீண்ட கழுக்கோலை ஊன்றி, ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்தே அதைத் தள்ளினார்கள். மூங்கில் வளைவுக் கூரை சரக்கு நனையாமல் இருப்பதற்காக, மனிதருக்காக அல்ல. கூரையின் பெரும்பகுதி அரிசிக்கு. எஞ்சிய மூலையில் மண் அடுப்பும் பானையும் பாயும். அந்த மூலைதான் வீடு.

இந்த இடத்தில் ஐரோப்பாவை ஒரு கணம் பார்ப்பது பயன் தரும். பொழுதுபோக்கிற்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவனாகப் பரவலாகக் கருதப்படுவது, 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் செய்வித்த ‘வாண்டரர்’. இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியை அவர் நிலத்தில் ஓடும் உல்லாசப் படகு என்றே அழைத்தார். சக்கர வீட்டின் கற்பனை நீரிலிருந்துதான் எடுக்கப்பட்டது. வண்டியோட்டி ஒருவர் உடன் வந்தார்; பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் சென்று வழி பார்த்தார். பின்னர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற தையற்காரர் மிதிவண்டியில் கட்டிச் செல்லும் சிறு கூடாரத்தைப் பரப்பினார்; அவர் தொடங்கிய சங்கம் 1901-ஐச் சேர்ந்தது. பணியாளில்லாத கூடாரம், அதாவது இன்று எளிமை என்று போற்றப்படும் கூடாரம், இவ்வளவு அண்மைக்காலத்தது. அதைப் பண்டைய இயல்பு வாழ்க்கையின் எச்சமாகப் பேசுவது வரலாறு ஆகாது.

கொச்சிக்கு 1902-இல் ஷொறணூரிலிருந்து ரயில் வந்தது. பின்னர் பாலங்களும் லாரிகளும் வந்தன. கெட்டுவள்ளம் மெல்ல வேலை இழந்தது. 1990-களின் தொடக்கத்தில், விறகாகவிருந்த வள்ளங்களில் சில படுக்கையறையும் குளியலறையும் பெற்றுச் சுற்றுலாப் படகு வீடுகளாயின. தைக்கும் கைத்திறன் அழியாமல் நின்றதற்கு இதுவே காரணம். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் கூடவே ஒரு கதையும் செய்யப்பட்டது. மன்னர்கள் உல்லாசமாக உலவிய படகுகள் இவை என்று விளம்பரங்கள் கூறுகின்றன. மன்னருக்கும் பிரபுக்களுக்கும் வேறு படகுகள் இருந்தன. அரிசி மூட்டைக்குப் போட்ட கூரையின் கீழ் இன்று குளிரூட்டி ஓடுகிறது என்பதே உண்மை. அது அவமானமும் அல்ல. மூட்டை தூக்கியவரையும் கழுக்கோல் ஊன்றியவரையும் கதையிலிருந்து நீக்கிவிட்டு அரசரை ஏற்றி வைப்பதுதான் பிழை.

2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது, படகு வீட்டிற்குப் பின் வரும் பெரிய மாற்றமாகவே அதை முன்வைத்தது. கேரவன் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. இது அதன் சுற்றுலா உறவினர். 2022-இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்கும் சுதந்திரமே இந்த வண்டியின் கவர்ச்சி. ஆனால் கொள்கை, வண்டியோடு சேர்த்து, அது நிற்பதற்குரிய பூங்காவையும் வகுத்தது. மின்சாரம், நீர், கழிவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நிலம் வேண்டும். கூடாரத்திற்கும் அதே கதிதான். அதே 2021-இன் ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் பயணி ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். அதன்பின் கூடார விடுதிகள் மீது மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடுகளை விதித்தது. யானையின் வழியில் முளை அறைய அனுமதித்தவர் யார் என்ற கேள்வி, கித்தான் சுவரா தகரச் சுவரா என்ற கேள்வியைவிட மூத்தது.

வேம்பநாட்டுக் காயலில் படகு வீடுகள் மாலை ஐந்தரை மணியளவில் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டப்படுகின்றன. இருட்டியபின் காயல் மீனவருடையது; விரித்த வலைகளை இயந்திர விசிறி அறுத்துவிடும். பதூதாவின் காலத்தைப் போலவே பயணம் மாலையில் முடிகிறது. ஒரு வேறுபாடு: அன்று பயணி கரைக்கு ஏறினார், வள்ளக்காரர் வள்ளத்தில் தங்கினார். இன்று பயணி வள்ளத்தின் நடு அறையில் உறங்குகிறார். படகை ஓட்டியவரும் சமைத்தவரும் பெரும்பாலும் பின்புறச் சமையலறையை ஒட்டியோ, விருந்தினர் எழுந்து சென்றபின் முன்தட்டிலோ பாய் விரிக்கிறார்கள்.