நம்பாதவர் சூட்டிய பெயர்

1811ஆம் ஆண்டு. இத்தாலியில் நெல் வயல்கள் சூழ்ந்த வெர்செல்லி என்ற ஊர். சட்டம் படித்துவிட்டு இயற்பியல் பக்கம் தாவியிருந்த அமெதியோ அவகாட்ரோ, பிரெஞ்சு இதழ் ஒன்றில் ஓர் ஊகத்தை வெளியிட்டார். வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், எந்த வாயுவானாலும் ஒரே கன அளவுக்குள் ஒரே எண்ணிக்கையில்தான் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். எத்தனை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்க ஆளில்லை.

விளைவு, ஐம்பது வருடக் குழப்பம். ஆக்சிஜனின் அணு எடை ஓர் ஆய்வகத்தில் 8, இன்னொன்றில் 16. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 வாய்பாடுகள் புழங்கின. 1856இல் அவகாட்ரோ கண்ணை மூடினார். அவருடைய ஊகமும் கூடவே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் வாதாடியும் முடிவு வரவில்லை. பெட்டி கட்டும் நேரத்தில், இத்தாலியரான கன்னிசாரோ எழுதிய ஒரு சிறுநூலை அவருடைய நண்பர் பவேசி வந்திருந்தவர்கள் கையில் திணித்தார். அவகாட்ரோவை வைத்து அணு எடைகளை ஒழுங்குபடுத்திய நூல் அது. அங்கே வந்திருந்த லோதர் மேயர் அதை ஊர் திரும்பும் வழியிலேயே படித்துத் தெளிந்தார். மெண்டலீவும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்தான். எடைகள் ஒருவழியாகச் சீரானதும், யாரும் எதிர்பாராத ஒரு வசதி கைக்கு வந்தது.

2 கிராம் ஹைட்ரஜன், 18 கிராம் தண்ணீர், 32 கிராம் ஆக்சிஜன் என்று எடுத்தால், மூன்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே! கலசப்பாக்கத்தில் நெல்லை யாரும் மணி மணியாக எண்ணி விற்பதில்லை. மூட்டையைத் தராசில் ஏற்றினால் கணக்கு முடிந்தது. வேதியியலுக்கும் அப்படி ஒரு மூட்டை கிடைத்தது. 1890களில் லைப்சிக் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் அதற்குச் சின்னதாக ஒரு பெயரும் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அணுக்கள் மேல் நம்பிக்கையே கிடையாது. மூட்டை இருக்கிறது, உள்ளே மணி இருப்பதற்கு என்ன சாட்சி என்பது அவர் கட்சி.

சாட்சி ஒரு மரத்தின் பிசினிலிருந்து வந்தது. மீன் குழம்பில் போடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஆசிய மரங்கள் சில மஞ்சள் பிசின் தரும். ஓவியர்களுக்கு அது வண்ணம். பாரிஸில் ழான் பெரான் அதில் ஒரு கிலோவை நீரில் கரைத்து, மாதக்கணக்கில் சுழற்றிச் சுழற்றிப் பிரித்தார். ஒரே அளவுள்ள துகள்களாக மிஞ்சியது ஒரு கிராம்கூட இல்லை. அவற்றை ஒரு துளி நீரில் விட்டு, நுண்ணோக்கியில் உயரம் உயரமாக எண்ணினார். ஜவ்வாது மலை ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறதே, அதே விதிப்படி துகள்களும் மேலே போகப் போகக் குறைந்தன. காற்று பாதியாக ஐந்தரை கிலோமீட்டர் ஏற வேண்டும். இங்கே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு போதும். அதிலிருந்து கணக்கிட்டு, 1908இல் மூட்டைக்குள் கிட்டத்தட்ட 7 × 10²³ என்றார் பெரான். ஆஸ்வால்ட் தன் பாடநூலின் புதிய பதிப்பு முன்னுரையில் அணுக்கள் உண்டென்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஓர் இளைஞரின் கணக்கு மட்டும் இடித்தது.

1905இல் ஐன்ஸ்டைன் தன் ஆய்வேட்டில் கண்ட விடை 2.1 × 10²³. மூன்று மடங்கு வித்தியாசம்! பெரானின் மாணவர் செய்த சோதனையும் ஒத்துவராததால், கணக்கைச் சரிபார்க்க ஒருவரைக் கேட்டார் ஐன்ஸ்டைன். பிழை ஐன்ஸ்டைனுடையதே. 1911இல் திருத்தியபோது 6.56 × 10²³ வந்தது. அவகாட்ரோ சொல்லாத அந்த எண்ணுக்கு அவருடைய பெயரையே பெரான் 1909லேயே சூட்டியிருந்தார்.

ஆஸ்வால்ட் வைத்த சின்னப் பெயர்தான் மோல். கலசப்பாக்கத்தில் பிளஸ் ஒன் படிப்பவர், 18 கிராம் தண்ணீர் ஒரு மோல் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறாரே, அதேதான். 1971இல் அது உலகின் ஏழாவது அடிப்படை அலகானது. 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அதுவும் மாறிவிட்டது. எண் 6.02214076 × 10²³ என்று ஒரேயடியாக நிலைநிறுத்தப்பட்டது. எண்ணிலிருந்து விலகிய சந்தேகம் இப்போது கார்பன் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரு மோல் கார்பன்-12இன் எடை சரியாக 12 கிராம்தானா என்பதை இனி அளந்துதான் சொல்ல வேண்டும்.