சுட்டியது ஒன்று, பெற்றது மற்றொன்று: இழைகளுக்குத் தரவு கையளித்த வரலாறு

'அது' என்னும் சுட்டுச்சொல்லின் பொருளை அது சொல்லப்படும் சூழலே தருகிறது. கேட்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் சுட்டிய இடத்தில் வேறொரு பொருள் வந்து அமர்ந்துவிட்டால், சொல் பிழையற்றதாக இருந்தும் புரிதல் பிழைபடும். சேவையக நிரல்களின் வரலாற்றில் நீண்டகாலம் நீடித்த ஒரு பிழை இத்தகையதே.

1983இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த பி.எஸ்.டி. 4.2 சாக்கெட் முறையைப் பரவலாக்கியது. அன்றைய சேவையகங்கள் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 'ஃபோர்க்' வழியாகத் தனிப் புராசஸ் ஒன்றை உருவாக்கின. சேய்ப் புராசஸ் தாயின் நினைவகத்தை நகலாகப் பெற்றது. இணைப்பைக் குறிக்கும் எண் தாயிடம் பின்னர் மாறினாலும் சேயின் நகல் மாறுவதில்லை.

1995இல் பாசிக்ஸ் இழைகள் தரப்படுத்தப்பட்டன. இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் அவற்றை உருவாக்கும் செலவு குறைவு. ஆனால் புதிய இழைக்கு ஒரேயொரு பாயிண்டரை மட்டுமே கையளிக்க இயலும். ஆகவே இணைப்பு எண்ணைத் தாங்கும் மாறியின் முகவரியை அனுப்புவது பலருக்கும் இயல்பாகத் தோன்றியது. புதிய இழை அம்முகவரியைப் படிப்பதற்கு முன் முதன்மை இழை அடுத்த இணைப்பை ஏற்றுவிட்டால், அதே மாறியில் புதிய எண் எழுதப்படும். இரண்டு இழைகளும் இரண்டாமவருக்கே பணிசெய்யும். முதலாமவர் வீணே காத்திருப்பார். ஒருவர் மட்டும் இணைந்து செய்யும் சோதனையில் இப்பிழை வெளிப்படாது, நெரிசலில்தான் தலைகாட்டும்.

ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் தமது 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' நூலின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் இச்சிக்கலை விளக்கித் தீர்வும் கூறினார்: இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 'மேலக்' மூலம் தனி நினைவிடம் ஒதுக்கி, எண்ணை அதில் வைத்து, அதன் முகவரியை அனுப்புக, படித்த இழையே அவ்விடத்தை விடுவிக்கட்டும்.

இங்கே ஒரு பொறுப்பு கைமாறியதைக் காண்கிறோம். முன்பு இயங்குதளம் தானாகவே அளித்த நகலை, இப்போது நிரலாளர் நினைவில் வைத்துத் தாமே செய்ய வேண்டியதாயிற்று. அப்பொறுப்பை மொழிகள் மெல்ல மெல்லவே மீட்டெடுத்தன. 2011ஆம் ஆண்டின் சி++ தரம், இழைக்குத் தரும் மதிப்புகளை இயல்பாகவே நகலெடுத்தது. கோ மொழியிலோ, ஃபார் சுழற்சியின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி என்னும் விதி 2024இல் வெளியான 1.22ஆம் பதிப்பில்தான் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய பிழைகளைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று எழுதிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும், செலவைக் குறைக்க நகலைக் கைவிட்டபோது அதனோடு சேர்த்துக் கைவிடப்பட்ட காப்பு எது என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா.